என் கல்யாணத் திகதியும் சேமலாபப் பணமும்

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மகளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, வீட்டில் எங்கே சமைக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே அறைதான், அடுப்பும் அதற்குள்தான் என்றேன். புகை இருக்கும்வரை இந்த இழுப்பு நிற்காது, மருந்து கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்றார். அவர் அதட்டவில்லை. ஆனாலும் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, நான்தான் அவளுக்குப் புகையை ஊட்டி வளர்த்தவள் போலக் கூசியது.

அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், என் கணவரின் வீட்டில் இருந்தோம். முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை, உள்ளே ஓர் அறை. ஜன்னல் என்று இருந்த ஒன்றையும் குளிருக்காகச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். காலையில் மாமியார் ஈர விறகை ஊதத் தொடங்கினால், எதிரே இருப்பவர் முகம் தெரியாது. லயத்துக்குப் பின்னால் சமைக்கத் தனியாகக் குசினி ஒன்று கட்டிக்கொள்ளத் தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்திருந்தார். சீமெந்தும் தகரமும் நாங்கள்தான் வாங்க வேண்டும். என் கணவர் தேயிலை ஆலையில் வாங்கிய சம்பளம் கடைக்கணக்குக்கே சரியாகப் போய்விடும்.

எனக்கென்று எங்கேயோ கொஞ்சம் பணம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன் பூனாகலைப் பக்கம், நான் பிறந்த தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்ததால் கிடைத்தது. மாதாமாதம் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு ஒரு பங்கு வெட்டுவார்கள், தோட்டமும் ஒரு பங்கு போடும். வேலையை விட்டாலும் வயதாகும்வரை அதைத் தொட முடியாது. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு மட்டும் முன்னதாகவே கொடுப்பார்கள் என்று என்னோடு வேலை செய்த அக்கா சொல்லியிருந்தார். "அது நம்ம கல்யாணக் காசு புள்ள" என்பார். நான் கல்யாணத்துக்காகத்தான் வேலையை விட்டேன். அதனால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். டாக்டரைப் பார்த்த மறு வாரமே பதுளைத் தொழில் காரியாலயத்துக்குப் போனேன்.

அங்கிருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். நான் கொடுத்த விண்ணப்பத்தையும் கல்யாணச் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வேலையை விட்டது எப்ப பிள்ளை?"

"மார்கழியில மிஸ். தை மாசம் கல்யாணம்."

"எந்தத் தை? இதில பதிவு நடந்தது அதுக்கு ரெண்டு வருசம் கழிச்செல்லோ கிடக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் கல்யாணம் என்றால் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுவதுதான். பதிவு என்பது குழந்தை பிறந்து, பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் நேரத்தில் சேர்த்துச் செய்கிற வேலை. என் மாமனாரும் அப்படித்தான் சொன்னார். "இப்ப எதுக்கு அதுக்குன்னு ஒரு நாள் சம்பளத்த விடணும், புள்ள பொறந்ததும் ரெண்டையும் சேத்துப் பதிஞ்சுக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"கோயில்ல முன்னாடியே நடந்துச்சு மிஸ். இது பதிவு மட்டும்தான்."

"எனக்கு விளங்குது. ஆனா இந்தக் கடதாசியின்படி நீங்கள் வேலையை விட்டு ரெண்டு வருசம் சும்மா இருந்திட்டுக் கலியாணம் கட்டியிருக்கிறியள். கலியாணத்துக்காகத்தான் விட்டனீங்கள் எண்டு தோட்டத்தில எழுதியிருந்தா, அந்தக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ. நான் மேல அனுப்பிப் பாக்கிறன்."

ராஜினாமாக் கடிதம் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். தோட்டத்தில் யார் அப்படிக் கொடுக்கிறார்கள்? அப்பா கங்காணியிடம் சொன்னார், கங்காணி ஒஃபிஸில் சொன்னார், என் பெயரை வெட்டினார்கள். அவ்வளவுதான்.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பூனாகலைக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், மாமியார் அடுப்பை மூட்டியிருப்பாரா, பிள்ளையை வெளியே வைத்திருப்பாரா என்ற நினைப்புத்தான். கூட்டி வந்திருக்கலாமோ என்று தோன்றும். இந்தக் குளிரில் எப்படிக் கூட்டி வருவது என்றும் தோன்றும்.

தோட்டத்து ஒஃபிஸில் அதே கிளாக்கர் ஐயாதான் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"அடடே, காம்பரா டீச்சரு! என்னம்மா, புருஷன் வெரட்டி விட்டுட்டானா?"

"இல்லைங்கய்யா." விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பழைய புத்தகத்தை எடுத்து, என் பெயர் இருந்த இடத்தைத் தேடி எடுத்தார். விலகிய காரணம் என்ற இடத்தில் 'தானாக விலகினார்' என்று இருந்தது. மேலும் கீழும் இருந்த எல்லாப் பெயர்களுக்கும் அதுவேதான்.

"ஐயா, எதுக்காக வேலையில இருந்து நின்னேன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமலா? ஒன் கல்யாணத்துக்கு வந்து ரெண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடிச்சவன் நானு. ஆனா அந்தப் பாயாசத்த புஸ்தகத்துல எழுதலயே புள்ள." பிறகு சிரிப்பை விட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இருக்குறதத்தான் எழுதித் தர முடியும். இப்ப நான் புதுசா ஒண்ணு எழுதுனா, அந்த எழுத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமோ, அப்பாவைக் கூட்டிப் போயிருக்கலாமோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் கொடுத்த சேவைக் கடிதத்தில் நான் ஒழுங்காக வேலை செய்ததாகவும், தானாக விலகியதாகவும் இருந்தது.

அதைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உத்தியோகத்தர் அம்மா கடைசி வரி வரை படித்துவிட்டு, கடிதத்தை என் பக்கமே திருப்பி வைத்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்து இன்னும் பல பேர் காத்திருந்தார்கள்.

"நீங்கள் உண்மையைத்தான் சொல்லுறியள் எண்டு எனக்குத் தெரியுது பிள்ளை. ஆனா இதை வச்சு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. காசு எங்கேயும் போகாது. வட்டியோட கிடக்கும். அம்பது வயசு வந்தாப் பிறகு வாங்கோ."

"பிள்ளைக்கு இழுப்பு மிஸ். அதுக்குத்தான்."

சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு முகம் மாறிவிட்டது. என்னால் அவருக்கும் ஒரு சங்கடம். மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினார். பிறகு, நான் இறந்துபோனால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று முன்பு எழுதிக் கொடுத்த பெயர் யாருடையது என்று கேட்டார். அப்பா பெயர் என்றேன். கல்யாணம் ஆனதும் அது செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்று ஒரு படிவத்தைத் தந்தார். என்னால் எழுத முடிந்தது அது ஒன்றுதான். மகளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அந்த அலுவலகத்தில் நான் கொடுத்தவற்றில் சரியாக இருந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வேலை முடிந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"வேலைய விட்டதுக்கு வேற ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம்ல?"

"வேற என்னத்தைங்க சொல்றது? அதுதானே காரணம்."

உள்ளேயிருந்து மாமியார் கேட்டார். "அப்ப காசு எப்பத்தான் தருவாங்களாம்?"

"அம்பது வயசுல அத்தை. அதுக்கு முந்தி நான் செத்துட்டா பாப்பாவுக்குப் போகும். அவ பேர எழுதிட்டு வந்தேன்."

"நல்லாருக்குடி! அப்ப நீ செத்தாத்தான் நமக்குக் குசினியா?"

என் கணவர் சிரித்துவிட்டார். மாமியாரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே மகள் இருமத் தொடங்கியிருந்தாள். மாமியார் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் ஊதுகுழலை எடுத்தார். அவருக்கும் வேறு வழியில்லை, எல்லாருக்கும் சோறு வேண்டும்.

மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. புகையில் வைத்திருப்பதா, ஈரத்தில் வைத்திருப்பதா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன். குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி, சோறு வெந்துவிட்டதா என்று உள்ளே குரல் கொடுத்தேன். இன்னும் கொதிக்கவே இல்லை என்றார் மாமியார்.