‘அனுப்பு’ என்றொரு பொத்தான்

சிவசங்கரிக்கு இருபத்தேழு வயது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் பிறந்து, திருப்பத்தூரில் கணினி படித்து, அங்கேயே ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்த நிறுவனத்திடம் ஒரு ஜீப் இருந்தது. ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரைதான் வரும். அதற்கு மேலே இருக்கும் ஊர்களுக்கு இந்த ஜீப் ஏறிப் போய், பிரசவ நாள் நெருங்கிய பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்துபோகிற மலை என்பதால், போனில் கூப்பிடுவதைவிட ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவது சுலபம் என்று முடிவு செய்தார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் படிவத்தைப் பொருத்தியவள் சிவசங்கரிதான். மகளிர் குழுக்களின் வாட்ஸ்அப்பில் அதன் லிங்க் போனது. நிரப்பி அனுப்பிவிட்டால் போதும், தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஜீப் வாசலுக்கு வரும் என்று ஊர் ஊராகச் சொல்லியும் வைத்தார்கள்.

நான்கு மாதத்தில் வந்தவை ஆறே படிவங்கள்.

நிறுவனத்தின் செயலாளர் கோபால்சாமி, மலையில் யாருக்கும் இது வேண்டியதில்லை போலிருக்கிறது என்றார். படிவத்தை எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்று ஒரு கணக்கு மட்டும் எடுத்துக் கொடு என்று கேட்டார்.

பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணும் நிரல் ஏற்கெனவே இருந்தது. மாதத்துக்கு நூறு பேர்போல வருகிறார்கள் என்று அது சொன்னது. ஆனால் படிவத்துக்குள் நடந்தது எதுவும் அதற்குத் தெரியவில்லை. படிவம், வேறொரு கம்பெனியின் தளத்தில் அவள் உருவாக்கியது. இவர்கள் பக்கத்தில் ஒரு பெட்டி போல உட்கார்ந்திருந்தது. வெளியே நின்று எண்ணுகிற நிரலால் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பெட்டிக்குள் நடப்பதை வெளியே சொல்ல வைக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். மூன்று விஷயங்களை மட்டும் எண்ண வைத்தாள்: படிவத்தைத் தொட்டார்களா, ‘அனுப்பு’ பொத்தானை அமுக்கினார்களா, ‘நன்றி’ என்ற பக்கம் வந்ததா. பெண்கள் எழுதுவது எதுவும் பதிவாகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்கைத் திறந்தாள். படிவத்தைத் தொட்டவை இருபத்தாறு போன்கள். ‘அனுப்பு’ அமுக்கப்பட்டது எழுபத்தொரு தடவை. ‘நன்றி’ வந்தது ஒரே ஒரு தடவை.

தன் நிரல்தான் தப்பாக எண்ணுகிறது என்று நினைத்தாள். வரி வரியாகப் பார்த்தாள். தப்பில்லை. பத்தொன்பது போன்களிலிருந்து எழுபத்தொரு தடவை.

தன் போனை எடுத்து, மலையில் இருக்கும் ஒரு பெண் நிரப்புவது போலவே நிரப்பினாள். பெயர், ஊர், தேதி. கணவரின் ஆதார் எண் கேட்ட இடத்தை மட்டும் வெறுமையாக விட்டாள். அமுக்கினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அதே திரை. பிறகு விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனபோது, படிவத்தின் தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு சிவப்பு வரி தெரிந்தது, அதுவும் ஆங்கிலத்தில். ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றது அது. ஆபீஸ் கணினியில் முழுப் படிவமும் ஒரே திரையில் அடங்கும். அங்கே அந்த வரி உடனே கண்ணில் படும். போனில் அவள் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

மலையில் பாதி ஆண்கள் குடகுக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள், அவர்கள் ஆதார் அட்டையும் அவர்களோடு போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் சித்தப்பாவே அப்படிப் போகிறவர்தான். அந்தக் கேள்விக்குக் ‘கட்டாயம்’ என்று போடும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் போட்டாள்.

பத்தொன்பது போன்களில் ‘நன்றி’ வந்தது ஒன்றுக்குத்தான். பதினெட்டுப் பெண்கள் பொத்தானை அமுக்கிவிட்டு, அனுப்பியாயிற்று என்று போனைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

கோபால்சாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் படிவத்தைச் சரிசெய்யச் சொன்னார்.

“சரி பண்ணிட்டேங்க சார். ஆனா அமுக்குனவங்க இன்னும் ஜீப்பு வரும்னு நெனச்சிக்கினு இருப்பாங்க.”

அவர் ஜீப் ஓட்டும் ரஞ்சித்துக்குப் போன் போட்டார்.

யார் அந்தப் பதினெட்டுப் பேர் என்று கணக்கு சொல்லாது. போன் எந்த ஊரில் இருக்கிறது என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘திருப்பத்தூர்’ என்றே காட்டியது. எனவே மலையில் வேலை பார்க்கும் கிராமச் செவிலியர் தமிழரசியைப் பிடித்தார்கள். கர்ப்பிணிகள் பெயரெல்லாம் அவர் பதிவேட்டில் இருந்தன. ஜீப் போகிற இடத்துக்கு ஜீப்பிலும், மீதியை நடந்தும் மூன்று நாள் வீடு வீடாகப் போனார்கள். பதினோரு பேரைக் கண்டுபிடித்தார்கள். அதில் இரண்டு பேரை அப்போதே ஜீப்பில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள், நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் வடிவு என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துணியெல்லாம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு ஜீப்புக்காகக் காத்திருந்திருக்கிறாள். வலி எடுத்த பிறகு, அவள் அண்ணன் கண்ணாயிரமும் இன்னும் மூன்று பேரும் கம்பில் துணி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில், ஒரு சாமைக்கொல்லை ஓரத்துப் பாறையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. வடிவுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

வந்திருப்பது யாரென்று தமிழரசி சொன்னதும், வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

“நாலு தபா அமுக்குனேங்க. இன்னா தப்பா அமுக்கிட்டேன் நானு?”

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சிவசங்கரி வந்திருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“நீங்க தப்பு பண்ணலக்கா. நான்தான் பண்ணேன்.”

வடிவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. போன் பழசு, அதனால்தான் இருக்கும் என்றாள். வெளியே நின்றிருந்த கண்ணாயிரத்துக்குப் புரிந்தது. அவர் சிவசங்கரியின் முகத்தைப் பார்க்காமலே, ஒரு நம்பரை எழுதிப் போட்டிருந்தால் பாறை மேலே ஏறி நின்றாவது பேசியிருப்போமே என்றார்.

இப்போது படிவத்தில் நான்கே கேள்விகள். அனுப்பியதும் திரை முழுக்கப் பச்சையாகும். போகாவிட்டால் பொத்தானுக்கு அடியிலேயே தமிழில் சொல்லும். ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் ரஞ்சித்தின் நம்பர் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் பதினான்கு பேர் பதிந்தார்கள். அத்தனை பேருக்கும் ஜீப் போனது. நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதி, கோபால்சாமி அவள் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

சிவசங்கரிக்கு அது போதவில்லை. எண்ணத் தொடங்கியது கடைசி இரண்டு வாரம்தான். அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் யார் யார் அமுக்கினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. தமிழரசியின் பதிவேட்டில் அந்த நான்கு மாதத்தில் வழியிலேயே பிறந்த குழந்தைகள் மூன்று. அதில் ஒன்று பிழைக்கவில்லை.

அந்த வீட்டுக்கும் அவள் போனாள். தாயின் பெயர் பூவிழி, இருபத்திரண்டு வயது. இந்தப் படிவத்தில் எப்போதாவது பெயர் கொடுத்தீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எங்க வூட்ல போனே கெடயாதுங்க. அப்டி ஒன்னு இருக்குதுன்னே யாரும் சொல்லல.”

சிவசங்கரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மனம் லேசாக வேண்டுமா, இன்னும் கனக்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் கோபால்சாமியிடம் சொல்லிவிட்டு, போன் இல்லாத வீடுகளின் பட்டியலைக் கேட்கத் தமிழரசியைப் பார்க்கப் போனாள்.