அக்கா கேட்ட பூக்கண்டு

போன கிழமை கிளிநொச்சியில் பழமரக் கண்டும் பூச்செடிக் கண்டும் விற்கிற இடமொன்றுக்குப் போனேன். தண்ணீர் தெளித்த எருவின் வாசம் மூக்கில் ஏறியது. "பழக்கண்டோ, பூக்கண்டோ வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். பூ என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. இவன் ஏன் சண்டைக்கு வருகிறான் என்பதுபோல் பார்த்தார். பாவம், அவருக்கு என் அக்காவைத் தெரியாது.

போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறி எங்கள் ஊரான கண்டாவளைக்குத் திரும்பிய காலம். தகரக் கொட்டிலில் அக்காவும் நானும் மட்டும். அக்காவின் கணவரை, என் அத்தானை, போர் கொண்டுபோயிருந்தது. வீட்டுத்தோட்டம் போடச்சொல்லி ஒரு உத்தியோகத்தர் மிளகாய், கத்தரி, முருங்கைக் கண்டுகளோடு வந்தார். அக்கா மல்லிகை கேட்டாள். பூவைச் சமைக்கலாமோ என்று அவர் சிரித்தார்.

"தின்னுறதுக்கு மட்டுமே தம்பி நாங்கள் திரும்பி வந்தது?" என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

நான் கத்தரிக் கட்சி. என் வயிறு அப்படி. ஆனாலும் அக்கா சொன்ன பூக்கண்டுகளை வவுனியாவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான்தான். பள்ளத்துக்குப் பள்ளம் ஈரமண் என் ஒரேயொரு நல்ல காற்சட்டையில் கொட்டியது.

அக்கா யோசித்துத்தான் தெரிந்தெடுத்திருந்தாள். மாடு வாய் வைக்காத நந்தியாவட்டை வேலியோரம். வெயிலுக்கு அஞ்சாத, காகிதம்போல இதழ் கொண்ட கடதாசிப்பூ வேலிப் படலைக் கதவடியில். மல்லிகைக்குக் கிணற்றடி, குளிக்கிற தண்ணீரே அதற்குப் போதும். வாசலில் குரோட்டன். வெறும் இலைக்கு இவ்வளவு மரியாதையா என்று முணுமுணுத்தேன். இன்றைக்கு என் வீட்டு வளவிலும் அதே ஒழுங்குதான்.

மல்லிகையைக் கண்டதும் பக்கத்து வளவு மாமி வந்துவிட்டா. கணவனை இழந்தவள் பூ வைக்கக்கூடாது என்பது ஊர்வழக்கம்.

"பிள்ளை, இந்தப் பூவெல்லாம் ஆருக்கு?"

"எனக்குத்தான் மாமி. என்ர தலைக்கு."

மாமி தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டா.

வைகாசியில் அம்மன் கோயில் பொங்கல். அக்கா மல்லிகையை நெருக்கமாகக் கட்டி, கொண்டையில் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் விலகினார்கள். அவள் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டப்பகலில் படலையைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டினாள். அடுத்த நாளும் பூ வைத்தாள்.

கொஞ்சக் காலத்தில் மாமியின் மகள் வந்தாள். அவளும் கணவனை இழந்தவள். நட்டுப் பார்க்க மல்லிகையில் ஒரு தடி வெட்டித் தரச்சொல்லி மெதுவாகக் கேட்டாள். அக்கா தடி வெட்டவில்லை. கட்டிவைத்திருந்த பூவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"முதல் இதை வை. பிறகு நடலாம்."

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. மாமி இல்லை. ஒரு மாரி வெள்ளம் நின்று மல்லிகையும் அழுகிப்போனது. பூ வைத்த விதவையைக் கண்டு விலகி நின்ற வழக்கமும் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இல்லை. மற்றதுக்கெல்லாம் மனம் வருந்துகிறேன். அந்த வழக்கம் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். அக்காவும் விடமாட்டாள், இன்றைக்கும் அவள் பூ வைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறாள்.