எல்லாம் எள்ளுதானே

என் தங்கை ஆராய்ச்சிப் பண்ணையில் எள் ரகங்களைச் சேகரிப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘எள்ளக்கா’. நான் அதே பண்ணையில் ஜீப் ஓட்டுகிறேன். ஊர் ஊராக அவளை ஏற்றிக்கொண்டு அலைந்தவன் நான்தான். ஒரு வீட்டில் காய் முற்றினாலும் வெடிக்காத எள் கிடைக்கும், இன்னொரு வீட்டில் மழையே கேட்காத எள். ஒரு பிடி கிடைத்தாலும் குதிப்பாள். தனித்தனிப் பையில் போட்டு, பெயரெழுதி, குளிர் அறை அலமாரியில் அடுக்குவாள். எதை எதோடு சேர்த்தால் நல்ல ரகம் பிறக்கும் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை பேச்சு. “கல்யாணத் தரகர் தோத்தார் போ!” என்று அம்மா கிண்டல் செய்வாள்.

இந்த முறை வேரழுகல் நோய் வந்து சுற்றுவட்டார எள் வயலெல்லாம் காய்ந்தது. அதைத் தாங்குகிற ரகம் தன் பைகளில் ஒன்றாவது இருக்கும் என்று நம்பி எடுக்கப் போனாள். அலமாரியையே காணோம். மூலையில் ஒரே ஒரு மூட்டை.

கிடங்குப் பொறுப்பாளர் பல்லைக் காட்டினார். “டைரக்டர் ரூம்ல ஷீல்டு அடுக்க அலமாரி கேட்டாங்க மேடம். எல்லாம் எள்ளுதானே, ஒண்ணாக் கொட்டிட்டேன். ஒரு விதைகூடச் சிந்தல!”

பாவி மனுஷன்! எது எதுவென்று இனி யார் வந்து பிரிப்பது? அவர் சட்டையைப் பிடிக்க என் கை துறுதுறுத்தது. தங்கை மூட்டைக்குள் கையை விட்டபடியே அழுதாள்.

இயக்குநரிடம் போனோம். “விதை பத்திரமா இருக்குல்ல? அப்புறம் என்னம்மா?” என்றார். படித்தவர் பேசுகிற பேச்சா இது!

வெளியே வந்ததும், மூட்டை முழுவதையும் நோய் மண்ணில் விதைக்கப் போகிறேன் என்றாள் தங்கை.

“மத்ததெல்லாம் செத்துடுமேம்மா!” என்றேன்.

“தெரியும்ணா. நோயைத் தாங்குறது எந்தப் பிடியில இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

பாத்தி பாத்தியாகச் செடிகள் கருகின. ஓரத்தில் நாலைந்து மட்டும் பச்சையாக நின்றன. அவ்வளவுதான், இயக்குநர் புகைப்படக்காரரோடு வந்துவிட்டார். பொறுப்பாளர் முந்திக்கொண்டு செடிக்குப் பக்கத்தில் நின்றார். “நான் கலந்து வெச்சதாலதான மேடம் சட்டுனு கிடைச்சுது!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் தங்கை கருகிய பாத்திகளைக் காட்டினாள்.

“அங்க போய் நில்லுங்க சார். காய் வெடிக்காதது, மழை கேக்காதது, எல்லாம் அங்கதான் செத்துக் கிடக்கு. நீங்க பண்ணின வேலை அது.”

ஒருவரும் நகரவில்லை. புகைப்படக்காரர் மட்டும் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார்.