ஆறுச்சாமி மட்டம்

"கடலை அளக்கறவிய அத்தனை பேரையும் ஒரே ஜீரோவுக்குக் கொண்டாந்துபோடறேன். ஒருத்தர் ஒத்துக்காம நின்னாலும் என் பேரை மாத்தி வெச்சுக்கறேன், பார்த்துக்குங்க!"

1994 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோவையை ஒட்டிய கணபதியில் தம்பிதுரையின் பம்புப் பட்டறை வாசலில் நின்று இப்படி அறிவித்தவர் ஆறுச்சாமி. வயது நாற்பத்திரண்டு. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். பட்டறைக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீட்டில் குடியிருப்பவர். அறிவிப்பைக் கேட்டவர்கள் மூவர்: வீட்டுக்காரர் தம்பிதுரை, லேத்தில் நின்ற மயில்சாமி, கிரீஸில் குளித்துக் கிடந்த மூன்று குதிரைசக்தி மோட்டார். மூவரில் மோட்டார் ஒன்றுதான் சிரிப்பை அடக்கச் சிரமப்படவில்லை.

கணபதிக்குப் பக்கத்துக் கடல் பாலக்காட்டுக்கும் அப்பால் பொன்னானியில் இருக்கிறது. கல்லூரிச் சுற்றுலாவில் ஆறுச்சாமி அதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். மடித்ததற்கு மேலும் இரண்டு அங்குலம் நனைந்தது. கடல்மட்டத்தை அதன் போக்கில் விடக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு அன்றே உதித்திருக்க வேண்டும்.

பிறந்தது பல்லடம் பக்கம். தாயும் தகப்பனும் ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேரிலும் ஒரு சென்ட் நிலம் பதிவானதில்லை. ஆறுச்சாமி படித்தார், மேலும் படித்தார், கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். அங்கேயே நின்றிருந்தால் இந்த வரலாற்றுக்கு வேலை இருந்திருக்காது.

அந்த ஆண்டுகளில்தான் வானத்திலிருந்து கடலை அளக்கும் செயற்கைக்கோள்கள் சுற்ற ஆரம்பித்திருந்தன. கோள் ரேடார் அலையைக் கீழே விடும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கேட்டு எழுதினால் அந்த அளவுகளைக் குறுந்தகட்டில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். ஆறுச்சாமி கேட்டு எழுதினார். ஐந்து நாடுகளின் மையங்களிலிருந்து ஐந்து தகடுகள் வந்தன. ஒரே நாள், ஒரே வங்காள விரிகுடா. ஐந்தும் ஐந்து உயரம் சொல்லின. கடல் என்னவோ ஒன்றுதான். ஆளாளுக்கு ஓரிடத்தில் பூச்சியத்தை நட்டுக்கொண்டு அங்கிருந்து அளந்திருந்தார்கள்.

ஆறுச்சாமி ஐந்து தகடுகளையும் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கோடை விடுமுறை முழுவதும் கல்லூரிக் கணினியோடு மல்லுக்கட்டி, ஐந்துக்கும் நடுவில் புதிதாக ஒரு மட்டம் கணக்கிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே, தற்காலிகமாக, அதற்கு 'ஆறுச்சாமி மட்டம்' என்று பெயரிட்டார். உலகக் கடல்களின் பரப்பு முப்பத்தாறு கோடி சதுர கிலோமீட்டர். ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்துக்கு இது சுமாரான முன்னேற்றம்தான்.

அடுத்துப் பிறந்தது திட்டம். எல்லா நாட்டு அளவுகளையும் வாங்கி, ஒரே பூச்சியத்துக்கு மாற்றி, ஒரே வடிவில், கேட்பவர்க்கெல்லாம் கொடுக்க ஒரு பன்னாட்டு ஒருங்கிணைப்புச் சேவை. தலைமையகம்: கோயமுத்தூர். கல்லூரி முதல்வர் கண்ணையா, பதினான்காம் எண் அறையையும் ஒரு டெலிபோனையும் ஒதுக்கினார். அதுவரை அந்த அறையில் ஹாக்கி மட்டைகள் இருந்தன.

"1997 மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் தர்றேன், ஆறுச்சாமி. அதுக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் ரூம். இல்லைன்னா மட்டைங்க திரும்பி வந்துரும்."

ஐந்து மையங்களுக்கும் ஐந்து நிறத்தில் கோப்புகள் திறக்கப்பட்டன: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, காக்கி. முதல் பதில் நீலத்திலிருந்து வந்தது. 'தங்கள் திட்டத்தை மிகுந்த ஆர்வத்துடன் படித்தோம். உரிய நேரத்தில் பரிசீலிப்போம்.' ஆறுச்சாமி அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். வாசித்துத் தமிழிலும் சொன்னார்.

"ஏனுங்க சார், இது நம்ம பக்கம் பொண்ணு பார்க்க வந்தவிய சொல்றதுதானுங்களே?" என்றார் தம்பிதுரை. "ஊட்டுக்குப் போயிச் சொல்லி உடறோம்னு. அப்படிச் சொல்லிப்போட்டுப் போனவிய எவிய சொல்லி உட்டாங்க?"

"அவிய விஞ்ஞானிகளுங்க."

"விஞ்ஞானிகளும் பலகாரம் திங்கறவியதானுங்க."

தம்பிதுரை சொன்னது பலித்தது. பச்சை, 'முதலில் நீலத்தைக் கேளுங்கள்' என்றது. நீலம், 'சிவப்பு வந்தால் வருகிறோம்' என்றது. சிவப்பு, இந்தத் துறைக்குப் பொறுப்பான அதிகாரி விடுப்பில் இருப்பதாகச் சொன்னது. ஓராண்டு கழித்தும் அவர் விடுப்பிலேயே இருந்தார். மஞ்சள், ஒருங்கிணைப்பின் அவசியத்தை வலியுறுத்தி நாற்பது பக்கக் கட்டுரை அனுப்பிவிட்டு, அதற்குத் தன் பூச்சியமே தோதானது என்று நாற்பத்தோராம் பக்கத்தில் முடித்தது. காக்கி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புதுக் குறுந்தகடு அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆறுச்சாமியின் மனைவி பாவாத்தாள் அவற்றைத் தக்காளிச் செடிமேல் கட்டித் தொங்கவிட்டாள். குருவி வரவில்லை. அந்தத் திட்டத்தால் அதுவரை விளைந்த ஒரே பயன் அதுதான்.

"ஏனுங்க," என்றாள் அவள் ஒருநாள். "நம்மூட்டுல ரெண்டு கெடியாரம் இருக்குது. ஒண்ணு பத்து நிமிசம் முந்தி ஓடுது, ஒண்ணு அஞ்சு நிமிசம் பிந்தி ஓடுது. கடலுக்குப் போறதுக்கு முந்தி இதையொருக்காப் பார்த்தீங்கன்னா நான் பள்ளிக்கோடத்துக்கு நேரத்துல போவனுங்க."

ஆறுச்சாமி பச்சைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்: 'கேவலம் நான்கு சென்டிமீட்டருக்காக உலகத்தையே காக்க வைப்பது விஞ்ஞானிக்கு அழகா?'

ஆத்திரம் தாளாமல் ஒருநாள் பட்டறையில் கொட்டித் தீர்த்தார். "ஒரே கடல்! ஆளுக்கொரு ஜீரோ! இவியளுக்கு வெக்கமா இல்லீங்களா?"

தம்பிதுரை ஒரு பம்பு மூடியைத் தூக்கிக் காட்டினார். "எம்பட மூடியில போல்ட்டுக்கு நாலு ஓட்டைங்க. பக்கத்துப் பட்டறை லட்சுமணசாமி ஆறு ஓட்டை போடறாரு. அவரு மூடி என் பம்புக்குச் சேராது. ஒண்ணாப் போட்டா வாங்கறவனுக்கு நல்லதுதானுங்க. ஆனா, என் ஓட்டையை நான் உட்டுப்போட்டா அப்புறம் அது என் பம்புங்களா?"

"அது வெறும் வறட்டுக் கௌரவமுங்க! பொது நன்மைக்கு ஒருத்தர் உட்டுக்குடுக்கத்தான் வேணும். பேசுங்க அவருகிட்ட!"

"ஆகட்டுங்க, பார்க்கலாம்," என்றார் தம்பிதுரை. கொங்குச் சீமையில் இதற்கு என்ன பொருள் என்பது ஆறுச்சாமிக்கும் தெரியும்.

1996 கடைசியில் ஆறுச்சாமி கண்டிப்புக்கு மாறினார். தாமே ஒரு படிவம் தயாரித்தார். மூன்று கட்டங்கள்: ஒப்புக்கொள்கிறேன், நிபந்தனையுடன் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். வழுக்கப் பார்க்கிறவர்களுக்காக அடியில் ஒரு விதியும் தடித்த எழுத்தில் சேர்த்தார்: 'நிபந்தனையுடன் ஒப்புக்கொள்வது மறுப்பதாகவே கருதப்படும். ஆறு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே சேவை தொடங்கும்.' ஐந்து மையங்களும் ஆறாவதாகக் கோயமுத்தூரும். விதியை மூன்றுமுறை படித்துப் பார்த்து, தப்பிக்க ஒரு சந்தும் இல்லை என்று திருப்தி அடைந்தார். ஃபேக்ஸ் கடை வைத்திருந்த ஜாஹிதா ஐந்து மையங்களுக்கும் அனுப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 27-ஆம் தேதி காலையில் ஜாஹிதாவே வீடு தேடி வந்தாள்.

"சார், அஞ்சும் ஒண்ணா வந்திருக்குதுங்க!"

ஐவரும் முதல் கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம். 'நெடிய விவாதத்துக்குப் பின் மஞ்சள் மையத்தின் பூச்சியத்தை அனைவரும் ஏற்கிறோம். சேவையின் அலுவலகம் தங்கள் ஊரிலேயே அமையட்டும். ஆறாவது மட்டம் இனித் தேவைப்படாது. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தங்கள் படிவத்தையும் அனுப்பிவைத்தால் ஏப்ரலில் தொடங்கலாம்.'

ஆறுச்சாமி முதலில் துள்ளினார். இரண்டாம் முறை படித்தபோது உட்கார்ந்தார். 'ஆறாவது மட்டம்' என்றுதான் எழுதியிருந்தார்கள், பேரைக்கூடப் போடவில்லை. கணக்கிட்டுப் பார்த்தார். மஞ்சளின் பூச்சியத்துக்கும் அவருடையதற்கும் வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர்.

படிவத்தோடு கிளம்பினார். பட்டறை வாசலில் தம்பிதுரை ஓடிவந்து மறித்தார். கையில் ஒரு புது மூடி.

"சார், உங்களைத்தான் பார்க்க வாரேன்! எண்ணிப் பாருங்க. ஆறு ஓட்டை! நீங்க அன்னைக்குச் சொன்னது மனசுல உறுத்திட்டே இருந்துச்சுங்க. லட்சுமணசாமிகிட்ட நானே போயிப் பேசிப்போட்டேன். பாழாப்போன கௌரவத்தை வெச்சு என்ன பண்றது, சொல்லுங்க?"

"நல்லதுங்க," என்றார் ஆறுச்சாமி. மூடியின் ஓட்டைகளை எண்ணினார். ஆறுதான் இருந்தன. திரும்ப எண்ணிப் பார்த்தும் குறையவில்லை.

ஃபேக்ஸ் கடையில் ஜாஹிதா பேனாவை நீட்டினாள். முதல் கட்டத்துக்கு மேல் பேனா வெகுநேரம் நின்றது. பதினான்காம் அறை, டெலிபோன், வாசலில் அவரே எழுதி மாட்டிய பலகை எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருந்தன. அவர் பேர் மட்டும் இல்லை.

பேனா மெதுவாக இறங்கி இரண்டாம் கட்டத்தில் குறியிட்டது. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'ஆறுச்சாமி மட்டம் பின்னிணைப்பிலாவது தொடர வேண்டும்.'

ஜாஹிதா தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் விரல் அடியிலிருந்த தடித்த எழுத்துக்குப் போனது. "சார், கீழே இப்படிப் போட்டிருக்குதுங்களே... இது போனா..."

"தெரியுமுங்க அம்மணி. குடுங்க, கையெழுத்துப் போட மறந்துட்டேன்."

வாங்கி, இனிஷியலோடு, ஒரு புள்ளி விடாமல், பேரை முழுசாக எழுதிக் கொடுத்தார்.