மாமா, மறைக்குது!

என் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவரைப் போலப் பயந்த சுபாவம் உள்ள ஆளை நான் பார்த்ததே இல்லை. ஊசி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம். அழைப்பு மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அக்கா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். "இவரைக் கட்டிக்கிட்டு நான்தான்டா வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடறேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நான் சிரிப்பேன். அவரைக் கேலி செய்வதற்கென்றே எனக்கு ஒரு வாய் வாய்த்திருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் இப்படி இல்லை என்றும் அக்கா சொல்வதுண்டு. ஏணி இல்லாமலே ஸ்கோர் போர்டின் உச்சிக்கு ஏறிவிடுவாராம். வயதாக ஆக மனிதனுக்குத் தைரியம் தேய்ந்துபோகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷமும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்குக் கிரிக்கெட் மைதானத்தில் வேலை. புல் வெட்டுவது, கோடு போடுவது, தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது. ஆனால் எல்லாரும் அவரைத் திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மைதானத்தின் விளிம்பில் சக்கரம் வைத்து இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திரை நிற்குமே, அதைத் தள்ளுகிறவர் அவர். பந்து வீசுபவரின் கைக்குப் பின்னால் கூட்டத்தின் தலைகள் தெரிந்தால், சிவப்புப் பந்து அந்த இருட்டில் கரைந்துவிடும். அதனால் கைக்குப் பின்னால் எப்போதும் வெள்ளை இருக்க வேண்டும். பந்து வீசுபவர் பக்கம் மாறினால் திரையும் மாற வேண்டும். மட்டை பிடிப்பவர் கையைத் தூக்கி ஆட்டுவார், திரை நகரும். சரியான இடம் வந்ததும் கையை இறக்குவார். அவ்வளவுதான் வேலை. அதைப் போய் ஒரு வேலை என்று நான் அவரைச் சீண்டாத நாளில்லை.

மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று பேர் கூடுவோம். நான், மாமா, அப்புறம் வாத்தியார். வாத்தியார் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எந்த டெஸ்டில் யார் எத்தனை விக்கெட் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் நடந்த டெஸ்டின் அந்த ஒரு நாளில்தான் வந்து நிற்கும்.

அன்றைக்கு எதிரே ஆடிய நாட்டுக்காரர்களுக்கும் நமக்கும் பல தலைமுறைப் போட்டி. அவர்கள் வேகத்தை நாம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். அன்றைக்குத்தான் நம் பக்கம் ஒரு நெட்டையன் வாய்த்திருந்தான். உணவு இடைவேளைக்கு அப்புறம் ஓயாமல் ஒன்பது ஓவர் போட்டான். அவன் ஓடி வருவதைப் பார்த்தால் பார்க்கிறவனுக்கே தொண்டை வறண்டு போகும். ஐந்து விக்கெட் போன பிறகு அவர்களுடைய இடதுகை ஆட்டக்காரர் வந்தார். நின்று ஆடினார். நெட்டையன் ஸ்டம்புக்கு மறுபக்கம் மாறி வந்து, முகத்துக்கு எழும்பும் ஒரு பவுன்சர் போட்டான். அது அவருடைய இடது கண்ணுக்குக் கீழே பட்டது. அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அடுத்து வந்தவர்களுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. மளமளவென்று நாலு விக்கெட். ஜெயித்துவிட்டோம்.

"அவரு ரிட்டயர்டு ஹர்ட், அடிபட்டு வெளியே போனவரு. அது விக்கெட் கணக்குல வராது" என்பார் வாத்தியார்.

"கணக்கைத் தூக்கிக் குப்பையில போடுங்க. நான் கையோட நேர் பின்னாடி படியில உக்காந்திருந்தேன். அவன் கையை விட்டதுலேருந்து மூஞ்சியில படற வரைக்கும் பந்தை முழுசாப் பார்த்தேன். ஆளு பயந்து முகத்தைத் திருப்பிட்டான். தொடைநடுங்கி!" என்று நான் எழுந்து நின்று நடித்துக் காட்டுவேன். பட்ட சத்தத்தையும் நாக்கால் அடித்துக் காட்டுவேன்.

அந்தத் தொடைநடுங்கி என்ற பேரை வைத்தது நான்தான். அது ஊர் முழுக்கப் பரவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தச் சத்தத்தை நான் அடிக்கும்போது மாமா இடது கண்ணை இறுக மூடிக்கொள்வார். "மாமாவுக்குக் கதையைக் கேட்டாலே நடுக்கம்" என்று அதற்கும் சிரிப்பேன்.

போன மாதம் மைதானச் செயலாளர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த இடதுகை ஆட்டக்காரர் வருகிறாராம். விழாவெல்லாம் வேண்டாம், அந்த பிட்சில் ஒரு தடவை நிற்க வேண்டும், அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். அன்றைக்கு இருந்தவர்களில் இன்னும் வேலையில் இருப்பது மாமா மட்டும்தான்.

மாமா அதை வந்து சொல்லவில்லை. வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒன்பது நாள் அவர் கடைக்கு வரவில்லை. பத்தாம் நாள் அக்கா வந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"டேய், உன் மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சுடா. தட்டுல போட்டது அப்படியே இருக்கு. கதவை யாராவது தட்டினா குளியலறைக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கறாரு. நேத்து என்கிட்ட, 'ரொம்ப வருஷம் கழிச்சும் ஒருத்தனைப் போலீஸ் பிடிக்குமா'ன்னு கேக்கறாரு. இவரு என்ன பண்ணித் தொலைச்சாரு?"

"மாமாவா? அவரு கொசுவை அடிக்கறதுக்கே கொசுகிட்ட அனுமதி கேப்பாரு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாமா திரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். சட்டை, செருப்பு, புல் எல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏன் மாப்ள, அவருக்கு அந்தக் கண்ணு சுத்தமாத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் சொல்றாங்க. முகத்தைத் திருப்பினா படத்தான் செய்யும்."

"திருப்பினதை நீ பார்த்தியா?"

"பார்த்தேனே! பந்து வந்ததையே பார்த்தேன்."

"ஆமா. நீ பார்த்த" என்றார். திரும்பப் பிரஷை வாளியில் முக்கினார். அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் முதல் தடவையாக எனக்குக் கேலி வரவில்லை. அது எனக்காகப் படும் பயம் மாதிரி தோன்றியது. எதற்கு என்றுதான் புரியவில்லை.

அந்த ஆட்டக்காரர் வந்த அன்று காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. நானும் வாத்தியாரும் மாமாவுக்குத் துணையாகப் போயிருந்தோம். துணை என்ன துணை, அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம்.

செயலாளரோடு நடந்து வந்தவர் நரைத்த தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக, நான் முப்பத்தொரு வருஷமாக நடித்துக் காட்டிய ஆளைப் போலவே இல்லை. பிட்சின் அந்தக் கோடிக்குப் போய், கோட்டுக்குப் பின்னால் நின்று, குனிந்து தரையைத் தொட்டார். பிறகு அவருடைய மொழியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். செயலாளர் எங்களுக்குச் சொன்னார்.

"அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லைன்னு சொல்றாரு. பயத்துல கண்ணை மூடியிருக்கணும்னு சொல்றாரு. அவங்க ஊர்லயும் அப்படித்தான் பேசினாங்களாம். அதுக்கப்புறம் மட்டையைத் தொடலையாம். சொந்தப் பையன்கிட்ட, போய் ஆடுடான்னு சொல்லக்கூட வாய் வரலையாம். பயந்தோம்னு ஒத்துக்கிட்டு இங்க ஒரு தடவை நின்னுட்டுப் போகலாம்னுதான் வந்தாராம்."

என் பக்கத்தில் மாமாவின் உடம்பு வெடவெடவென்று ஆடியது. மயங்கி விழப் போகிறார் என்று தோளைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கினார்.

"அவர் கண்ணை மூடலீங்க. திரை அங்க இல்ல. நான் தள்ளிட்டேன். அவர்கிட்டச் சொல்லுங்க."

செயலாளரின் முகம் ஒரு நிமிஷம் செத்துவிட்டது. பிறகு விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடி என்னவோ சொன்னார். அவரும் சிரித்து, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க சொல்லலையே" என்றார் மாமா.

செயலாளர் சிரிப்பு மாறாமலே பல்லைக் கடித்தார். "பேசாம நில்லுங்க. இத்தனை வருஷம் கழிச்சு மைதானத்து மானத்தை வாங்காதீங்க. அப்புறம் உங்களுக்குத்தான் ஆபத்து."

மாமாவுக்கு அந்தச் சொல் போதும். சாதாரணமாக இதைவிடச் சின்ன மிரட்டலுக்கே மனிதர் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொள்வார். ஆனால் அன்றைக்கு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். கால் பின்னப் பின்ன, மைதானத்தின் விளிம்பு வரைக்கும் நடந்து திரையின் மேல் கையை வைத்துத் தள்ளினார். அது அசையவில்லை. எப்போதும் இரண்டு பேர் தள்ளுகிற திரை. நான் ஓடினேன்.

"மாமா, என்ன பண்றீங்க? விடுங்க!"

"தள்ளு மாப்ள. முதல்ல சரியான இடத்துக்குக் கொண்டுபோகணும்."

தள்ளினோம். மூச்சிரைக்க இரைக்கச் சொன்னார்.

"அன்னிக்கு இங்கதான் நின்னுது. சரியா இருக்குன்னு அவர் கையை இறக்கிட்டாரு. குனிஞ்சு மட்டையை ஊன்றினாரு. என்கூட இருந்தவன் தண்ணி குடிக்கப் போயிருந்தான். அம்பயருக்கு முதுகு இந்தப் பக்கம். நீ படியில உக்காந்து கத்தின. 'மாமா, மறைக்குது! மாமா, தள்ளுங்க!'ன்னு. உன்னோட சேர்ந்து அத்தனை பேரும் கத்தினாங்க. நெட்டையன் ஓட ஆரம்பிச்சுட்டான். எனக்கும் பார்க்கணும்னு வெறி. அந்த வயசுல தனியாவே ஒரே ஒரு தள்ளு. நாலடி."

கத்தினது ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது. சொந்த மாமா திரை தள்ளுகிறார் என்ற உரிமையில் தொண்டை கிழியக் கத்தினேன். திரை விலகியதும் விசில் அடித்தேன். பந்தைக் கடைசிவரை பார்த்தேன் பார்த்தேன் என்று ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டேனே, திரை இருந்திருந்தால் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்த நாலடியில்தான் நான் பார்த்தேன். அந்த நாலடியில்தான் அவருக்குத் தெரியாமல் போனது.

"அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"உன்கிட்ட எப்படிடா சொல்றது? தினமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்த. ஒருத்தன் பயந்து சாகறது போதாதா?"

அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது.

"இப்ப பக்கவாட்டுல தள்ளு. அன்னிக்கு மாதிரி நாலடி" என்றார்.

தள்ளினோம். சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. தூரத்தில் அந்த ஆட்டக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கையைக் காட்டி அழைத்தும் அவர் நகரவில்லை. வாத்தியாரைப் பார்த்துத் தன் கையைத் தூக்கிக் காட்டினார். வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தயங்கித் தயங்கி இந்தக் கோடிக்கு வந்து, நெட்டையன் நின்ற பக்கத்தில் நின்று, பந்து வீசுவதைப் போலக் கையை உயர்த்திப் பிடித்தார்.

ஆட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, இல்லாத மட்டையை ஊன்றி, நிமிர்ந்து பார்த்தார். வாத்தியாரின் கைக்குப் பின்னால் வெள்ளை இல்லை. நான் உட்கார்ந்து கத்திய படிக்கட்டுகள்தான் கூரை நிழலில் கறுப்பாக இருந்தன. அவர் வெகுநேரம் அப்படியே நின்றார்.

"இப்ப வருவாரு மாப்ள. வந்து என் கழுத்தைப் பிடிப்பாரு. பிடிக்கட்டும். நீ போயிடு" என்றார் மாமா. நான் போகவில்லை. தைரியத்தால் இல்லை. கால் வரவில்லை.

அவர் வரவில்லை. நிமிர்ந்து, புறங்கையால் முகத்தை இரண்டு தடவை துடைத்தார். பிறகு கையை மேலே தூக்கி, பக்கவாட்டில் ஆட்டினார். திரையைத் தள்ளு என்று எந்த மைதானத்திலும் மட்டை பிடிப்பவர் காட்டும் சைகை.

மாமா ஒரு தடவை விம்மினார். இரண்டு பேரும் தோளைக் கொடுத்து, அவர் கை இறங்கும் வரைக்கும் தள்ளினோம்.