நான் துண்டித்த இரண்டு அழைப்புகள்

எங்கள் மாமாவை ஓர் ஆமை ஏமாற்றியதிலிருந்துதான் இதைச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும். அம்மாவின் தம்பியான அவருக்கு ஒருநாள் போன் வந்தது. உங்கள் எண்ணுக்குப் புத்தம்புது டச் போன் பரிசு விழுந்திருக்கிறது, தபாலில் வரும், பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்தி கலந்த தமிழில் ஒருவன் தேனொழுகப் பேசினான். மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேந்தமங்கலம் தபால் நிலையத்துக்குப் போனார். பார்சலுக்குள் ஒரு பித்தளை ஆமையும் கசக்கிய செய்தித்தாளும் இருந்தன. அன்றிலிருந்து யார் கையில் போனைப் பார்த்தாலும் மாமா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"இந்தில பேசுனா ஒரு வார்த்த பேசப்படாது, கட் பண்ணிப்போடோணும். உன்ற ஊரு பேரச் சொல்லுவானுக, உங்கப்பன் பேரச் சொல்லுவானுக. எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் வருவானுக. ஏமாந்துராத சாமி."

நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. உலகத்திலேயே பெரிய அறிவாளி மாமாதான் என்று நம்பியிருந்த காலம். ஆமைக் கதையைக்கூட அவர் ஒரு போரில் ஜெயித்தவர் மாதிரிதான் சொல்வார்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு வடகிழக்கு மலைகள் வரைக்கும் போவார். லாரிக் கதவில் வீட்டில் இருக்கும் செல்போன் எண்ணைப் பெரிது பெரிதாக எழுதி வைத்திருந்தார். லாரிக்குப் பாடி கட்டிய பட்டறையில் பெயின்டர், "உங்க நம்பர உட்டுப்போட்டு ஊட்டு நம்பர எதுக்குங்க எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டதற்கு அப்பா சிரித்தாராம். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கேவாங்க போன் போடுவாங்க?" அம்மா அந்தப் பதிலுக்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தக் காலாண்டு விடுமுறையில்தான் அது நடந்தது. மலையேறப் போகிறேன், சரக்கை இறக்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொன்ன அப்பா அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை. அவர் போன மலையில் இரண்டு சமூகத்தாருக்குள் கலவரம் மூண்டுவிட்டது. தொலைக்காட்சியில் வீடுகள் எரிந்தன. மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் ஓடினார்கள். ஒரு பாலம் பாதியாக நின்றது. அப்பாவின் எண்ணுக்குப் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கி வைத்தாள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பாள். குண்டானில் சோறு அப்படியே இருக்கும்.

தினமும் காலையில் நாமக்கல்லில் இருந்த லாரிக்காரர் சங்கத்துக்குப் பேருந்து ஏறிப் போய், ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். "அப்பா கூப்புடுவாரு சாமி. கீழ வெக்காத. கக்கூசுக்குப் போனாலும் கையிலயே வெச்சிரு." நானும் அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்ட பொறுப்பு அதுவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அப்பாவிடமிருந்து பேச்சு நின்ற ஐந்தாம் நாள் மத்தியானம் மணி அடித்தது. தெரியாத எண். எடுத்தால் இரைச்சலாகக் காற்று, அதற்கு நடுவில் மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல். "ஹலோ, நமக்கல்? நமக்கல்?" பிறகு கடகடவென்று இந்தி. எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமா சொன்னது அப்படியே நடக்கிறது, ஊர்ப் பெயரைச் சொல்கிறாள்! சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

ஏழாம் நாள் அதே குரல். இந்த முறை என் அப்பாவின் பெயரை உடைத்து உடைத்துச் சொன்னாள். அடிப்பாவி, பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று பொத்தானை அமுக்கினேன். துண்டித்ததோடு நில்லாமல் கொஞ்ச நேரம் போனையே அணைத்து வைத்தேன். சாயங்காலம் மாமாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற மருமகன்னா மருமகதான். அம்மாகிட்டச் சொல்லாத, பாவம், பயந்துக்குவா" என்று சொல்லி, பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் அம்மா சீக்கிரமே திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. எடுத்து, அந்தக் காற்றிரைச்சலைக் கேட்டதுமே கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் இந்த முறை ஹலோ இல்லை, இந்தியும் இல்லை.

"அம்மிணி, கட் பண்ணிப்போடாத சாமி. அப்பா பேசறேன். உங்க மாமன் சொல்லிக் குடுத்த பாடமெல்லாம் சரிதான். ஆனா இந்தம்மா திருடி இல்ல. நானும் கிளீனரும் நல்லா இருக்கறோம். ஒரு பள்ளிக்கோடத்துல தங்கியிருக்கறோம். நம்மூரு முட்டையத்தான் இங்க புள்ளைக தின்னுதுக. ரோடு தொறந்ததும் ஊட்டுக்கு வாரேன். அம்மாகிட்டக் குடு."

"அப்பா, எப்ப வருவீங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. கரகரவென்று சத்தம், பிறகு அந்தப் பெண்ணின் குரல். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் தன் போனில் பதிந்து வைத்திருந்த அப்பாவின் குரலை மறுபடி ஓடவிட்டாள். அம்மா கேட்டாள். மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. தெருவே எட்டிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகம் தெரியாத, பாஷை தெரியாத அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "நீங்க சாப்புட்டீங்களாங்க?" அந்தப் பக்கம் என்ன புரிந்ததோ, அவளும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.

அந்த மாதக் கடைசியில் அப்பா தாடியும் மீசையுமாக வந்து இறங்கினார். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். வடையைத் தின்றுகொண்டே அப்பா கதை சொன்னார். பாலம் போய்விட்டதால் வெளியிலிருந்து ஒரு வண்டி அரிசிகூட அந்த ஊருக்கு வரமுடியவில்லையாம். வீடிழந்து ஓடி வந்தவர்கள் பள்ளிக்கூடம் நிறைய இருந்தார்களாம். அந்த ஊர்ப் பெண்கள் சிலர் வீடு வீடாகப் போய் அரிசி, பூசணிக்காய், விறகு என்று கிடைத்ததைச் சேர்த்து எல்லோருக்கும் ஆக்கிப் போட்டார்கள். அப்பா லாரியின் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். "அழுகிப் போறதுக்கு முந்தி தின்னட்டும்னு குடுத்துட்டேன்" என்றார். பண்ணைக்காரர் என்ன சொல்வாரோ என்று மாமா பதறினார். "புள்ளைக தின்னுச்சுன்னா போகட்டும் உடுங்க" என்று பண்ணைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். பாஷை தெரியாததால், வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதை அப்பா கதவில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டித்தான் புரியவைத்திருக்கிறார்.

"ரெண்டு நாளு கூப்புட்டும் யாரோ கட் பண்ணிப்போட்டாங்கன்னு அந்தம்மா சைகையில காட்டுச்சு. அப்பறந்தான் எனக்கு யோசனை வந்துச்சு, கொரலப் பதிஞ்சு குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அப்பா மாமாவைப் பார்த்தார்.

"டவர் கெடைச்சிருக்காதுங்க" என்றார் மாமா, இன்னொரு வடையை எடுத்தபடி. நான் விட்டத்தைப் பார்த்தேன். அப்பா என் தலையில் லேசாகக் குட்டினார், அவ்வளவுதான். அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

போன வருடம் அப்பாவோடு கொல்லிமலையில் அருவிப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. "இதுக்கேவா? அந்தம்மா போன் பண்றதுக்கு இந்த மாதிரி மூணு பங்கு ஏறோணும்" என்றார் அப்பா. நான் நின்றுவிட்டேன். அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசினாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த ஊரில் டவரே இல்லை. எதிரில் இருந்த மலையுச்சியில் மட்டும்தான் பக்கத்து மாநிலத்து சிக்னல் கிடைக்கும். போக அரை நாள், வர அரை நாள். வழியில் இரண்டு தரப்பாரும் துப்பாக்கியோடு நின்றார்கள். ஆண்கள் போனால் திரும்ப முடியாது என்று, மாட்டிக்கொண்டவர்களின் செய்தியையெல்லாம் அந்தப் பெண்கள்தான் முறைபோட்டு மேலே கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டுக்குப் பேசிய அம்மாளின் சொந்த வீடும் அந்த வாரம்தான் எரிந்திருந்தது. அதே பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில்தான் அவரும் படுத்திருந்தார்.

"பேரு என்னங்கப்பா அவங்களுக்கு?"

"அக்கான்னுதான் எல்லாரும் கூப்புட்டோம். கேக்கலையே சாமி" என்றார் அப்பா.

இப்போதெல்லாம் எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுத்து முழுதாகக் கேட்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக்கூட மரியாதையாகப் பதில் சொல்வதைப் பார்த்து மாமா தலையில் அடித்துக்கொள்கிறார். அவருக்கு அந்தப் பன் நினைவில்லை. எனக்கு அதன் மேலிருந்த செர்ரிப் பழம்வரை நினைவிருக்கிறது. பேக்கரி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு அதை நான் ரசித்துத் தின்ற அதே சாயங்காலம், என் அப்பாவிடம் கையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறுவதற்காக, அந்த அம்மாள் மலையிறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.