ஒன்றுகூட மடங்கவில்லை

எங்கள் அம்மா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். என்னால் முடியாது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, தாம் விரும்பிய அப்பாவை மணந்து மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்தார். அன்றோடு அந்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்பா தாராவியில் சட்டைப் பட்டறையில் தையல் வேலை பார்த்தார். அம்மாவும் அங்கேயே பட்டன் தைத்து என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார்.

எங்கள் முகத்தைப் பார்த்தால் மாமா மனம் இரங்கிவிடுவார் என்று அம்மா நம்பினார். ஆண்டுதோறும் ஸ்டூடியோவில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவார். சில நாளில் மாமா வீட்டு அத்தையின் போன் வரும்.

"மடங்கிப் போச்சு தாயி. மொகத்துல கோடு விழுந்துட்டு."

அடுத்த ஆண்டு, சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டை இரண்டுக்கு நடுவில் படங்களை வைத்துக் கட்டினார். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது என்றார் அத்தை. அதற்கப்புறம் கழுவிக் காயவைத்த பால் கவரில் சுற்றினார். தபாலாபீஸ் முத்திரையின் குத்து படத்தின்மேல் விழக் கூடாதென்று ஸ்டாம்பை ஓரத்தில் ஒட்டினார்.

"கூரியர்ல போட்டுத் தொலையேம்மா" என்று எரிந்துவிழுவேன்.

"அந்தக் காசுக்கு இன்னும் நாலு பிரிண்ட் போடலாம்ளா. எனக்குத்தான் கட்டத் தெரியல."

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட, "இன்னொரு பிளாஸ்டிக் சுத்தியிருக்கணும்ளா" என்றார்.

அஸ்தி கரைக்க ஊருக்குப் போனபோது அத்தை அழுதுகொண்டே பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே பதினேழு உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒங்க மாமா தொடக் கூடாதுன்னுட்டாவ. அவ மனசு நோகுமேன்னு நான்தான் அப்படிச் சொன்னேன்."

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெறும் காகித உறையில் போன முதல் படம்கூட மடங்கவில்லை. நாற்காலியைவிட்டு எழாமல் மாமா, "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். படங்களை எடுத்துக்கொண்டு, வெற்று உறைகளை அவர் முன்னால் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் படங்கள்தான் அடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

அட்டை கொடுத்த பட்டறைக்காரர்களுக்கும், முடியாத நாளில் அம்மாவை மாடிப்படியில் தூக்கி இறக்கிய லேபர் கேம்ப் அண்டைவீட்டாருக்கும், பதினேழு உறைகளையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

பெரிய மாமாவுக்கும் இந்த மலரை அனுப்புகிறேன், அம்மா கட்டும் விதத்திலேயே. பிரிக்க மனமில்லையென்றால் திருப்பி அனுப்பட்டும். எங்கள் முகவரியைத் தேட வேண்டியதில்லை. அந்தப் பதினேழு உறைகளின் பின்னாலும் அம்மா தம் கையால் எழுதிவைத்திருக்கிறார்.

— மகள்